மின்வெட்டுக் காலத்தில் ஒரு தேரடி

2022 மார்ச் கடைசி வாரத்தில் பெரியப்பா கொழும்புக்கு வந்தார். கண்புரை ஒப்பரேஷனுக்கு. பத்து நாளில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அவர் வந்த வாரம்தான் பொருளாதார நெருக்கடியில் நாட்டில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் லென்ஸ் இல்லை என்றார்கள், பிறகு மருந்து இல்லை, பிறகு டொக்டரின் காருக்குப் பெற்றோல் இல்லை. திகதி தள்ளித் தள்ளிப் போய், எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் மனுஷன் நாலு மாதம் இருந்தார்.

கையில் ஒரு துணிப்பை மட்டும் கொண்டுவந்திருந்தார். பிரித்து அடுக்கிக் கொடுப்போம் என்று திறந்தேன். இரண்டு வேட்டி, இரண்டு சால்வை, சவரச் சாமான், திருநீற்றுக் குடுவை, அட்டை கழன்ற ‘நற்சிந்தனை’ப் புத்தகம்.

“இவ்வளவுதானா பெரியப்பா?”

“ஏன் பிள்ளை, ஆற்றையும் கலியாணத்துக்கே வந்தனான்?”

அலுமாரியில் அவருக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தேன். அதில் முக்கால்வாசி நாலு மாதமும் வெறுமையாகவே கிடந்தது. என் பக்கக் கதவைத் திறந்தால் சாறிகள் தலையில் விழும்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். இறக்குமதி செய்யும் கொம்பனி ஒன்றில் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 வரை ஏறிவிட்டது. சாமான் துறைமுகத்தில் கிடக்கும், கட்டுவதற்கு டொலர் இராது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டு கிடப்பேன். இரண்டு போன், ஒரு நித்திரைக் குளிசை. பக்தி என்று கேட்டால், வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில், அதுவும் நேரம் கிடைத்தால். ஞானிகள் எல்லாம் படத்தில் இருக்க வேண்டியவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரியப்பா யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்காரர். ‘நற்சிந்தனை’ பாடிய ஞானி யோகர் சுவாமி இருந்த ஊர். சுவாமி 1872இல் பிறந்து 1964இல் சமாதியானவர். அப்போது பெரியப்பாவுக்கு வயது பத்தொன்பது. சின்ன வயதில் அந்தக் கொட்டிலுக்குப் போய்வந்த பையன்களில் அவரும் ஒருவர். யோகர் துறவியாகப் பிறந்தவர் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். ஸ்டோர் கீப்பர். இதைப் பெரியப்பா சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. சாமான் வரவு, சாமான் செலவு, கையிருப்பு என்று எழுதியவர்தானே! நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியைக் கண்ட பிறகு வேலையை விட்டார். குரு போன பிறகு கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் இருந்தார். பிறகு ஒரு சின்னக் கொட்டில், கடைசிவரை. பின்னாளில் மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபுவின் மகன்கூட அந்தக் கொட்டிலைத் தேடி வந்து சீடராகிச் சந்தசுவாமி ஆனார்.

அந்தச் செல்லப்பா சுவாமியை ஊர் விசரர் என்றுதான் சொன்னது. தேரடியில் இருந்து தனக்குள்ளே முணுமுணுத்துக்கொண்டு, கிட்டப் போகிறவர்களை ஏசி விரட்டிக்கொண்டு இருந்த மனுஷன். அவர் முணுமுணுத்தவற்றில் நான்கு வாக்கியங்களை யோகர் பிடித்து வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் அவற்றை மகாவாக்கியம் என்பார்கள். ஒரு பொல்லாப்பும் இல்லை. எப்பவோ முடிந்த காரியம். நாம் அறியோம். முழுதும் உண்மை.

இந்த நான்கும் எங்கள் வீட்டில் மாமரம் போல, பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்துப் பார்க்காமலே விட்டவை. கலண்டரில் இருக்கும். அப்பாவின் கடிதத்தின் அடியில் இருக்கும். அதற்கு மேல் யோசித்ததில்லை.

முதலில் வந்தது வாக்கியம் இல்லை, இருட்டு. எங்கள் பிரிவுக்கு எத்தனை மணிக்கு மின்வெட்டு என்று காலையிலேயே போனில் பட்டியல் பார்த்து வைத்துக்கொள்வோம். இரவில் லைற் போனதும் மகன் ரோச் லைற்றைத் தேடுவான், இவர், என் கணவர், மச்சான்மாருடன் அரசியல் கதைக்கப் போனை எடுப்பார், நான் பற்றரி பதினாலு வீதம் என்று பதறுவேன். பெரியப்பா பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். கடல் எங்களிடமிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. கரண்ட் இருக்கும்போது அதன் சத்தம் கேட்டதே இல்லை. பெரிய கட்டடங்களின் ஜெனரேட்டர் உறுமல் இருக்கும், கரையோர ரெயில் போகும், இரண்டுக்கும் நடுவில் கடல் கேட்கும்.

மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன், என்னைக் கூப்பிட்டார். “வாவன் பிள்ளை. சும்மா இரன்.”

இருந்தேன். போனைத் திருப்பி மடியில் வைத்தேன். நிமிர்த்திப் பார்த்தேன். திருப்பி வைத்தேன். சமையலறையில் பருப்பு ஊறப் போட்டேனா என்று ஞாபகம் வந்து எழும்பிப் போனேன். போட்டிருந்தேன். திரும்பி வந்தேன். வங்கிக்காரனுக்கு ஒரு மெசேஜ். பெரியப்பா எதுவும் சொல்லவில்லை. லைற் வந்த பிறகு எழும்பும்போதுதான் சொன்னார்: “ஏழு தரம் எழும்பினனீ.”

கண்புரை விழுந்த மனுஷன் அந்த இருட்டிலும் எண்ணியிருக்கிறார்.

மதயானையை வசப்படுத்தி நடத்தலாம், கரடி வாயையும் புலி வாயையும் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், தண்ணீரில் நடக்கலாம், நெருப்பில் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது’ என்று தாயுமானவர் முடிப்பார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளி வாங்கிய பாட்டு. மனுஷன் மிகைப்படுத்துகிறார் என்று அப்போது நினைத்தேன். அன்று இரவு யானையே பரவாயில்லை என்று தோன்றியது.

பெரியப்பா சொல்லித்தந்த முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூச்சை எண்ணு, முதுகை நிமிர்த்து, அது இது என்று எதுவும் சொல்லவில்லை. “கணக்கு வந்தால் வரட்டும். பருப்பு வந்தால் வரட்டும். நீ கதிரையை விட்டு எழும்பாதை. அவ்வளவுதான்.” நினைப்பை நிறுத்தச் சொல்லாமல், நினைப்புக்குப் பின்னால் காலை மட்டும் எடுத்து வைக்காதே என்றார். இதைச் செய்யலாம் போலிருந்தது. முதல் வாரம் நாலு நிமிடம். ஏப்ரல் கடைசியில் இருபது. மின்வெட்டு நேரம் குறையக் குறைய எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது. இதை வெளியே சொன்னால் அந்த நாளில் அடி விழுந்திருக்கும்.

நித்திரைக் குளிசையை விட்டது இதனால் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெற்றோல் இல்லாமல் கொள்ளுப்பிட்டிவரை காலி வீதியில் ஐந்து கிலோமீற்றர் சொச்சம் நடந்து போன நாட்களும் அவைதான். களைப்புக்கும் பங்கு உண்டு. குளிசை எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் விட வேண்டாம். நான் கேட்டுத்தான் விட்டேன்.

நடுச்சாமக் கணக்குக்கு வேறொரு மருந்து கிடைத்தது, ரமண மகரிஷியிடமிருந்து. திருவண்ணாமலைக்குப் போன கதையை எல்லோரும் சொல்வார்கள். 1896, பதினாறு வயது, மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். நான் அதில் கவனித்தது காசுக் கணக்கை. கல்லூரிச் சம்பளம் கட்டத் தமையனார் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். தன் பயணத்துக்கு மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறார். உலகத்தையே விடப்போகிற பையன்! ‘நான்’ என்று தொடங்குகிற அந்தக் கடிதம் இரண்டாவது வசனத்திலேயே ‘இது’ என்று மாறிவிடும், அடியில் கையெழுத்து இராது, ஒரு கோடு மட்டும்தான். இதைப் பற்றிப் பெரிய பெரிய விளக்கங்கள் உண்டு. கணக்கப்பிள்ளையான எனக்கு அந்த இரண்டு ரூபாய்தான் பிடித்தது. பாக்கியை எழுதி வைத்துவிட்டுப் போகிறவன் ஓடிப்போகிறவன் இல்லை. திருவண்ணாமலையில் இறங்கிய பிறகு கையில் மிச்சமிருந்த காசைக் குளத்தில் எறிந்தார். அதை எறியலாம், அவருடையது. அந்த இரண்டு ரூபாய் அவருடையது இல்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் பிடித்தேன். அலுவலகத்தில் மேசையை விட்டு எழும்ப முன் ஒரு துண்டில் மூன்று நாலு வரி: இன்று முடியாதவை எவை, அவை யாரிடம் நிற்கின்றன, நாளை முதலில் எது. துண்டை மேசையிலேயே வைத்துவிட்டு வருவேன். படம் எடுத்துப் போனில் கொண்டுவரக் கூடாது, அதுதான் முக்கியம். இரவு இரண்டு மணிக்குக் கணக்கு வந்து எழுப்பும்போது, எழுதி வைத்தாயிற்று, மேசையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சில நாள் கேட்கும்.

சரி, அரிசிக் கதைக்கு வருகிறேன். பெரியப்பா வந்த இரண்டாம் நாள் சமையலறையில் வெறும் பால்மா ரின் ஒன்றைக் கழுவிக் காயவைத்தார். நான் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி ரின்னுக்குள் போட்டார். பிடியரிசி. அம்மம்மா செய்வா. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு காலம் சாதாரணமாக இருந்தது. ‘யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி’ என்று திருமூலர் சொல்வதும் இதுதான். அந்தப் பாட்டில் இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், சாப்பிட முன் ஒரு கைப்பிடி, பிறருக்கு ஓர் இனிய சொல், நான்கும் யாராலும் முடிந்தவை. ஆயிரம் பேருக்கு அன்னதானம் போடு என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு எதையும் அளந்து பார்க்காவிட்டால் சரிவராது. சமையலறைத் தராசில் வைத்தேன். என் பிடி 40 கிராம், பெரியப்பாவின் பிடி 60. ஒரு நாளைக்கு ஒரு உலை. அவர் கையால் என்றால் மாதத்துக்கு ஒரு கிலோ எண்ணூறு. அரிசி கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் போன காலத்திலும் அதை யாரும் உணரவில்லை, சோறு குறைந்ததாக மகன்கூடச் சொல்லவில்லை. கொடுத்தோம் என்று நினைக்கிற அளவுக்கு அது பெரிதில்லை. யாருக்கும் படம் எடுத்துப் போடவும் முடியாது. முதல் மாதத்து அரிசி கீழே காவலாளியின் வீட்டுக்குப் போயிற்று.

இனி நான் வெட்கப்படுகிற இடம்.

மே மாதம். கீழ்மாடியில் ஓர் அக்கா இருக்கிறா. விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, சொதி, சம்பலோடு இருபது வீடுகளுக்கும் இரண்டு கந்தோர்களுக்கும் கொடுப்பவ. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். காஸ் தீர்ந்துவிட்டது. வெற்றுச் சிலிண்டரை வரிசையில் வைத்துச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு ஒருநாள் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறா, லொறி வரவில்லை. நான் வேலையால் வருகிறேன், லிஃப்ட் இல்லை, படியில் அவ உட்கார்ந்திருக்கிறா. எனக்கோ அப்போது ஐந்தாறு வாரப் பல்கனிப் பயிற்சி, மனம் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. தோளில் கை வைத்துச் சொன்னேன்: “ஒரு பொல்லாப்பும் இல்லை அக்கா. எல்லாம் சரிவரும்.”

அவ நிமிர்ந்து பார்த்தா. கோபம்கூட இல்லை.

“உங்களுக்கு இல்லைத் தங்கச்சி.”

எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

எங்கள் வீட்டில் அன்று காஸ் இருந்தது. இவரின் சிநேகிதன் ஒருவன் மூலம் கிடைத்த சிலிண்டர். அது அவவுக்கும் தெரியும்.

இரவு பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலே மாறிவிட்டது. “உதை ஏன் அவவிட்டைச் சொன்னனீ? செல்லப்பர் தேரடியில இருந்து உதை ஆருக்குச் சொன்னவர்? தனக்கு. தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருந்ததைப் பக்கத்தில இருந்தவை கேட்டது. பிள்ளை செத்த வீட்டிலை போய் ஒரு பொல்லாப்பும் இல்லை எண்டால் செருப்பால அடிப்பினம். அடிக்கோணும்.”

“அப்ப நான் என்ன சொல்லியிருக்க வேணும்?”

“சிலிண்டரை ஒரு பக்கம் பிடிக்கட்டோ எண்டு கேட்டிருக்கலாம்.”

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு நான் எழும்பும்போது மனுஷன் இல்லை. கதிரையும் இல்லை. பதறிக் கீழே ஓடினால், காஸ் வரிசையில் அக்காவின் சிலிண்டருக்குப் பக்கத்தில் எங்கள் பல்கனிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். குடை, தண்ணீர்ப் போத்தல், ‘நற்சிந்தனை’. எழுபத்தேழு வயது, ஒரு கண் முக்கால்வாசி தெரியாது.

“என்ன பெரியப்பா இது?”

“எனக்கு என்ன வேலை? பல்கனியிலயும் சும்மாதானே இருக்கிறன். இங்கை இருந்து சும்மா இருக்கிறன். அவ போய்ப் பிள்ளைகளைப் பாக்கட்டும்.”

அன்று முழுக்க இருந்தார். மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னும் பின்னும் நின்றவர்களோடு நல்ல பழக்கம் ஆகிவிட்டார். பின்னால் நின்ற சிங்களப் பையன் ஒருவன் ‘சீயா’ (தாத்தா) என்று கூப்பிட்டு அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். லொறி அன்றும் வரவில்லை. இரவு அக்கா நின்றா. அடுத்த நாள் மறுபடி பெரியப்பா. பின்னேரம் மூன்று மணிபோல் லொறி வந்தது. சிலிண்டரை அந்தப் பையன்தான் தூக்கிவந்து மேலே வைத்தான். அந்த மாதத்து ரின் அரிசி பையனின் கைக்குப் போயிற்று.

வரிசையில் நின்றவர்களில் அரைவாசிப் பேர் கத்திக்கொண்டும், மற்றவன் முந்துகிறானா என்று கழுத்தை நீட்டிக்கொண்டும் நின்றார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான். பெரியப்பாவும் அதே வெயிலில், அதே வரிசையில், அதே நேரம்தான் இருந்தார். வேறென்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகம் வேறாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உள்ளுக்குள் சொல்வேன். அதுவும் எனக்கு ஒன்று நடக்கும்போது மட்டும். பஸ் தவறினால், மேலதிகாரி ஏசினால், மகன் கதவை அறைந்தால். சொல்லி முடித்த பிறகு செய்ய வேண்டியது என்ன என்பது கொஞ்சம் துலக்கமாகத் தெரியும். செய்ய வேண்டியது இல்லாமல் போவதில்லை. சமூக ஊடகத்தில் துயரச் செய்திகளின் கீழே “எல்லாம் அவன் செயல்” என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் பெரியப்பாவிடம் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராமகிருஷ்ண மிஷன் பக்கம் நடந்து போய்வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். விவேகானந்தர் 1897 ஜனவரி 15இல் கொழும்பில் கரையிறங்கியதையும், சனம் திரண்டதையும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “அதெல்லாம் சரி பெரியப்பா. இந்தச் சாமிமார் எல்லாரும் வீட்டை விட்டுப் போனார்கள். வீட்டில் நின்று சமைத்தது யார்? பட்டினத்தாருக்கு ‘காதற்ற ஊசியும் வாராது’ என்று உறைத்து எழும்பிப் போனார், கடையையும் ஆட்களையும் யார் பார்த்தது? நான் எழும்பிப் போனால் என்ன சொல்வீர்கள்?”

சிரித்தார். செல்லப்பா சுவாமி தானே சமைப்பாராம், கறி நன்றாக வந்துவிட்டது, நாக்கு இழுக்கிறது என்று தெரிந்தால் பானையோடு போட்டு உடைத்துவிடுவாராம், அப்படி ஒரு கதை என்றார். “பொங்கின சோத்தை உடைக்க என்னிடம் காஸ் இல்லை” என்றேன். இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம், வெங்காயமும் உதவி செய்தது.

கேள்வி அப்படியே கிடக்கிறது, நான் விடவில்லை. துறவியின் சுதந்திரத்துக்குப் பின்னால் அநேகமாக ஒரு பெண்ணின் அடுப்பு இருக்கிறது. பெரியப்பா கலியாணம் செய்யாதவர். ஊரில் அத்தை சமைத்துத்தான் சாப்பிடுகிறார். ஆனால் தன் வேட்டியைத் தானே தோய்த்தார், தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினார். அவர் வந்து மூன்றாவது வாரம் இவரும் கழுவத் தொடங்கினார், யாரும் சொல்லாமல். ரமணரும் ஆசிரமச் சமையலறையில் விடிய எழும்பி மரக்கறி வெட்டுவாராம். வீட்டுக்காரர்கள் துறவிகளிடம் கற்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போடச் சொன்னால் நான் இதைத்தான் முதலில் போடுவேன். தியானம் பிறகு.

மிச்ச வாக்கியங்களில் எனக்குச் சோறு போட்டது ‘நாம் அறியோம்’. ஜூன் மாதம் கொம்பனி இயக்குநர்களுக்கு அடுத்த ஆறு மாத மதிப்பீடு கொடுக்க வேண்டும். டிசம்பரில் டொலர் எவ்வளவு, சொல்லு என்றார்கள். வழக்கமாக நான் ஒரு எண்ணைப் போடுவேன், இரண்டு தசமதானத்தோடு. தசமதானம் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அன்று, “எனக்குத் தெரியாது. இந்த அறையில் யாருக்கும் தெரியாது. நானூறு என்றால் எத்தனை மாதம் தாங்குவோம், முந்நூறு என்றால் எத்தனை மாதம், அதை மட்டும் சொல்லலாம்” என்றேன். ஒருவர் முகத்தைச் சுளித்தார். இன்னொருவர், இரண்டு வருடமாக இந்த அறையில் கேட்ட முதல் உண்மை என்றார். சம்பளம் கூடவில்லை. ஆனால் பொய் எண்ணைக் காப்பாற்ற அடுத்த மாதம் இன்னொரு பொய் தேட வேண்டியிருக்கவில்லை.

‘எப்பவோ முடிந்த காரியம்’ கையிருப்பில் கிடந்து கெட்டுப்போன சரக்கை ஏட்டிலிருந்து தள்ளும்போது உதவும். அதற்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. ‘முழுதும் உண்மை’ இன்னும் கலண்டரில்தான் இருக்கிறது.

இப்படி எழுதினால் எந்தச் சாமியாரிடம் போகலாம் என்று சிலர் கேட்பார்கள். கொழும்பில் மூன்று நாள் வகுப்பு, ஹோட்டல் மண்டபம், ஐம்பதாயிரம் ரூபாய் என்று விளம்பரம் வருகிறது. போகிறவர்கள் போகட்டும். நான் பார்க்கிற அடையாளம் ஒன்றுதான்: அவரிடமிருந்து திரும்பி வரும்போது மறுபடி அவரிடமே போக வேண்டும் என்ற தேவை கூடுகிறதா, குறைகிறதா. செல்லப்பர் ஏசித் துரத்தினார். யோகரும் பலரை, போய் உன் வேலையைப் பார் என்றுதான் அனுப்பினார் என்று பெரியப்பா சொல்வார். அவரையே ஒருதரம் அப்படித் துரத்தியிருக்கிறார். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் திருநீறு வாங்கப் போனாராம்.

ஜூலை கடைசியில் ஒப்பரேஷன் நடந்தது. சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த ஜூலை 9 போராட்டத்தையும் கூட்டத்தையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. கட்டு அவிழ்த்ததும் பல்கனியில் நின்று, “உந்தக் கடல் இவ்வளவு கிட்டவோ!” என்றார். ஓகஸ்டில் இரவு பஸ்ஸில் ஊருக்கு அனுப்பினேன். அதே துணிப்பை. புதிதாக ஒரு சொட்டு மருந்துப் போத்தல் மட்டும் கூட. கீழ்மாடி அக்கா வழிக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்தா. என்னோடும் இப்போது நன்றாகக் கதைக்கிறா. அந்தப் படியடிக் கதையை நானும் எடுக்கவில்லை, அவவும் எடுக்கவில்லை.

பால்மா ரின் இன்னும் இருக்கிறது. அலுமாரியில் எனக்கு இப்போதும் மூன்று தட்டு, சாறிகள் குறையவில்லை, பொய் சொல்லக் கூடாது. நேற்று இரவு கரண்ட் இருந்தது. நானாகவே லைற்றை அணைத்துவிட்டுப் பல்கனியில் கதிரையைப் போட்டேன். போன் உள்ளே. பதினொரு நிமிடம் இருந்திருப்பேன். குக்கர் விசில் அடித்தது. எழும்பவில்லை. இரண்டாவது விசிலுக்கும் எழும்பவில்லை. பிறகுதான் இன்றைக்குப் பிடியரிசி எடுத்து வைத்தேனா என்று சந்தேகம் வந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். எடுக்கவில்லை.